நடவடிக்கைக் குறிப்பில் இல்லாதது

எங்கள் ஆர்கன் கலைஞர் சங்கத்தில் பதினேழு பேர்.
சந்தா கட்டியவர்கள் பதினொன்று.
மிச்ச ஆறு பேரும் கேக் கொண்டுவருவதால்
பொருளாளர் பெட்டிக்ரூ கண்டுகொள்வதில்லை.

நான் செயலாளர்.
வாசிக்கத் தெரியாது என்றில்லை,
ஒருமுறை கேட்டவர்கள் மறுமுறை அழைப்பதில்லை.
ஆகவே எழுதுகிறேன்: தேதி, வருகை, உண்டியல்,
கழிப்பறை விளக்கு எரியவில்லை, இத்யாதி.

ஒமாருவில் ஜூலை என்றால் பல் கிட்டும் குளிர்.
துறைமுகத்துக் காற்று
சுண்ணாம்புக்கல் தூண்களைத் தடவிவிட்டு
கதவிடுக்கில் நுழைந்து
முதல் வரிசையில் உட்கார்ந்துகொள்ளும்.
போன கச்சேரிக்கு இருபத்தொரு பேர்.
கையுறையோடு தட்டிய கைதட்டல்
யாரோ அடுத்த அறையில் மாவு பிசைவது போலிருந்தது.
அன்று மோராக் டன்பார்
தன் விரல்களை ஊதி ஊதி
கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டதை
நான் பார்த்தேன்.

விதி எண் ஒன்பது, என் கையெழுத்தில்தான் இருக்கிறது:
கச்சேரிக்கு ஒரு மணி நேரம் முன்புதான்
ஹீட்டர் போட வேண்டும்.
மரத்துக்கு உலர்ந்த சூடு ஆகாது.

இந்த ஞாயிறு
காலை ஆறு மணிக்கே போட்டுவிட்டேன்.

முப்பத்தெட்டுப் பேர்.
மோராக் மெல்லிய தோல் செருப்புக்கு மாறினாள்.
ஸ்டாப்புகளை இழுக்க அவள் பக்கத்தில் ஹெமி ராப்பானா
(வாரமெல்லாம் ஊர்க் குழாய்களைப் பழுது பார்ப்பவன்,
ஞாயிறு மட்டும் வேறு குழாய்கள்).
முதல் உருப்படி நன்றாகப் போனது.
இரண்டாவதன் மூன்றாம் பக்கத்தில்
பெடலில் ஒரு டி.
அவள் காலை எடுத்தாள்.
சுரம் எடுக்கவில்லை.

ஆளைவிட இரண்டு மடங்கு உயரமான மரக்குழாய்
ஊதலை நிறுத்த மறந்த கப்பலைப்போல்
நின்ற இடத்தில் நின்று முழங்கியது.
ஹெமி ஸ்டாப்பை உள்ளே தள்ளினான்.
அதுவும் வளைந்து இறுகிக் கிடந்தது.
மோட்டார் சுவிட்சுக்கு அவன் கை போனபோது
மோராக் தலையை ஆட்டினாள்,
வேண்டாம்.

புத்தகத்தை மூடினாள்.
யாரோ இருமினார்கள். பெட்டிக்ரூ என்னைப் பார்த்தார்.
நான் கூரையைப் பார்த்தேன்.

குளத்தில் கால் நனைத்துப் பார்ப்பவள் மாதிரி
முதலில் ஒரே விரல்.
பிறகு இரண்டு.
சிக்கிக்கொண்டதைச் சுதியாக்கிக்கொண்டு
அதன்மேல் நடக்கத் தொடங்கினாள்,
விலகினாள், உரசினாள்,
அதற்குச் சற்றும் பொருந்தாத இடத்தில் போய் நின்று
அங்கேயே வேண்டுமென்று நின்று
எங்கள் வயிற்றைப் பிசைந்துவிட்டுத் திரும்பினாள்.
ஒரு சிறுமி பலகைத் தரையில் குப்புறப் படுத்து
காதை வைத்துக் கேட்டாள். அம்மா தடுக்கவில்லை.
ஆட்டுப்பண்ணை லாரன்சன், தூங்குவதற்கென்றே வருபவர்,
கண் திறந்திருந்தார்.

பதினொரு நிமிடம்.
அப்புறம் ஹெமியைப் பார்த்து லேசாக ஒரு கண்ணசைவு.
மோட்டார் நின்றது.
துருத்தியில் மிச்சமிருந்த காற்றோடு
அந்த டி இறங்கி, கோணி, முனகி,
எதுவோ ஆகிப் போனது.

கைதட்டினார்கள்.
சூட்டில் எல்லோரும் கையுறையைக் கழற்றியிருந்தார்கள்.
வெறும் கைகளின் சத்தம்
அந்தக் கோயிலில் அவ்வளவு பெரிதாக இருக்கும் என்று
எனக்குத் தெரியாது.

குறிப்பில் எழுதியது:
'பெடல் வால்வு ஒன்று மூடவில்லை. காரணம் தெரியவில்லை.
ஈரப்பதமானி வாங்கத் தீர்மானம்.'
முன்மொழிந்தவர் பெட்டிக்ரூ.
வழிமொழிந்தவன் நான்.
உண்டியலில் இருநூற்றுப் பத்து டாலர்,
ஒரு சட்டைப் பொத்தான்.

தேநீர் மேசையருகே
குனிந்து செருப்பு மாற்றிக்கொண்டிருந்த மோராக்
நிமிராமலே சொன்னாள்:
"இன்றைக்கு விரல் விறைக்கவே இல்லை."

நான் இஞ்சி கேக்கை நறுக்கிக்கொண்டிருந்தேன்.
தேவைக்கு அதிகமாகவே
நறுக்கினேன்.