கறுப்பு வண்டி

இரவு முழுக்க எட்னா இருமியிருக்கிறது.
விடியலில் ஜியார்ரே ஊரின் கூரைகளெல்லாம்
மிளகை உடைத்துத் தூவிய மாதிரி.
பத்து மணிக்கு அடக்கம்.
கொட்டகைக்கு வெளியே நின்ற எங்கள் சவ வண்டியின் முதுகில்
விரற்கடைச் சாம்பல்.

"துடைத்துவிடு" என்கிறார் முதலாளி பிளாதானியா,
போனைக் காதிலிருந்து எடுக்காமலே.
துடைக்கக் கூடாதென்று அவருக்கும் தெரியும்.
இது அடுப்புச் சாம்பல் இல்லை.
மலை அரைத்துத் துப்பிய கண்ணாடி.
ஒரு துணி, ஒரே ஒரு இழுப்பு போதும்,
கறுப்புப் பெயின்ட் ஆயுசுக்கும் மறக்காது.

ஆகவே தொடாமல் தொடங்குகிறேன்.
ஒரு கை குழாயில், மறு கை சட்டைப் பைக்குள்.
தூங்குகிறவர் மேலிருந்து போர்வையை உருவுகிற பதத்தில்
கூரையிலிருந்து தண்ணீர்.
சாம்பல் முதலில் அசையாது.
பிறகு எங்கோ ஓரிடத்தில் மனசு மாறி
கறுப்பு ஓடையாய்ச் சக்கரத்துக்கு இறங்கும்.
காத்திருக்கிறேன்.
மறுபடி தண்ணீர். மறுபடி.

இறங்கும் நீர் தெளிந்த பிறகுதான் இரண்டு வாளி.
ஒன்றில் நுரை, ஒன்றில் வெறும் நீர்.
கம்பளிக் கையுறை நேராக ஒரு கோடு போகும்,
வெறும் நீரில் எல்லாவற்றையும் கக்கிவிட்டுத்தான்
நுரைப் பக்கம் திரும்பலாம்.
வட்டம் மட்டும் போடக் கூடாது.
போட்டால் வெயிலில் சிலந்தி வலை எழும்,
பெட்டிக்குப் பக்கத்திலேயே, ஊரே பார்க்க.
தரையில் விழுந்த துணிக்கு அன்றோடு வேலை போச்சு.
நேற்று என்னுடைய நல்ல துண்டு விழுந்தது.
இப்போது அது என் பூட்ஸுக்கு.

வெயில் சுவர் தாண்டுவதற்குள்
ஈரத்தை ஒற்றி எடுத்தாயிற்று, தேய்க்காமல்.
குனிந்து பார்த்தேன்:
கதவுக்குள் இன்னொரு தெரு, இன்னொரு நான்,
இருவருக்கும் சவரம் பண்ணாத முகம்.

தேவாலயப் படிக்கட்டில் பெட்டி ஏறும்போது
மலை மறுபடி, லேசாக.
வெனெரா அம்மாள் பின்கதவருகே நின்றார்.
உள்ளே சிரீனோ.
பின் இறக்கையில் நாலு பொரி சாம்பல்.
கறுப்புக் கோட்டின் கைநுனியை இழுத்துப் பிடித்து,
கடித்து முடித்தவன் வாயைத் துடைக்கிற மாதிரி
துடைத்தார்.
வட்டமாக.
என் வாய் திறந்தது. அவ்வளவுதான்.

மறுநாள் பாலிஷ் போடச் சொன்னார் முதலாளி.
பாலிஷ் கீறலை அழிப்பதில்லை,
சுற்றியுள்ள தோலைக் கீறல் ஆழத்துக்குச் சீவுகிறது.
எவ்வளவு மிச்சமென்று அளவுமானியை வைத்துப் பார்த்தேன்.
கூரையில் நூற்றிருபது மைக்ரான்.
முன்பக்கம் நூற்றுப் பதினைந்து.
பின் இறக்கையில், வலப்புறம்,
நிற்கிற ஒருவரின் கை தானாக வந்து படுகிற உயரத்தில்
எழுபத்தெட்டு.

பதினோரு வருஷமாக
சாம்பல் விழுந்த நாளும், மோதிரம் மட்டும் உரசிய நாளும்
நானேதான் சீவியிருக்கிறேன்.

பாலிஷ் டப்பாவை மூடினேன்.
போட்டாயிற்றா என்று கேட்டார்.
போட்டாயிற்று என்றேன்.