இரண்டு மீட்டர் இருபது

வரைபடத்தில் இருபத்துநான்கு கார்கள்.
ஒவ்வொன்றும் இரண்டரைக்கு ஐந்து,
மூக்கு வடக்கே, வால் தெற்கே,
ஒரு கீறல் இல்லை.
சரிவுப் பாதை எட்டுக்கு ஒன்று.
அடியில் மூன்று கையெழுத்து,
நடுவில் இருப்பது என்னுடையது.

மயிலாடுதுறை. ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு முந்தின நாள்.
கலியமூர்த்தி மண்டபத்தின் அடித்தளத்தில்
டேப்பின் ஒரு முனையை உத்தரத்தில் பிடித்து
மறுமுனையைத் தரைக்கு விடுகிறேன்.
இரண்டு மீட்டர் நாலு.
துடைத்துவிட்டு மறுபடி.
இரண்டு மீட்டர் நாலு.
விதி கேட்பது இருபது.

பதினாறு சென்டி எங்கே போச்சு?

மோட்டார் பார்க்கும் பக்கிரிசாமி
குதிகாலால் தரையைத் தட்டினார்.
"இதுக்குள்ளதான் இருக்கு.
மேட்டூர் திறந்து வாய்க்கால்ல தண்ணி வந்தா
இங்க தரை வேர்க்கும்.
முதல் வருஷம் நாலு விரக்கடை கான்கிரீட் போட்டாங்க.
மூணாம் வருஷம் இன்னொரு நாலு.
அதுக்கு மேல டைல்ஸ்.
கூரை அப்படியேதான் இருக்கு மேடம்,
தரைதான் ஏறி வருது."

மூலையில் சம்ப். மோட்டார்
ஏழு நிமிஷம் ஓடி
நாலு நிமிஷம் மூச்சு வாங்குகிறது.
கரண்ட் போனால்?
ஜெனரேட்டர்.
அது எங்கே?
பதினெட்டாம் நம்பர் காரின் இடத்தில்.
பத்தொன்பதில் பலகை மேல் அரிசி மூட்டை.
இருபதில் சுருட்டிய ஜமக்காளம்.
இருபத்தொன்றில் ஒரு வயல் நண்டு
கொடுக்கைத் தூக்கி நின்றது,
டோக்கன் வாங்கிக்கொண்டு வந்ததைப் போல.

விதிப் புத்தகத்தைப் புரட்டுகிறேன்.
அகலம், வளைவு, புகை போக வழி.
நிலத்தடி நீருக்கு ஒரே வரி:
உட்புகாதவாறு அமைக்கப்பட வேண்டும்.
அமைப்பது யார் என்று
எழுவாய் இல்லாத வாக்கியம்.

மனையைப் பார்க்க நான் வந்தது ஒரு சித்திரையில்.
வாய்க்காலுக்குள் பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள்.
ஸ்டம்ப் நட்ட குழியில் ஈரம் இருந்ததா,
எட்டிப் பார்க்கவில்லை.

நோட்டீஸ் எழுதினேன்.
உயரக் குறைவு, பதினாறு சென்டிமீட்டர்.
பதினைந்து நாளில் சரிசெய்க.
சரிசெய்வதென்றால் தரையை வெட்டுவது.
வெட்டினால் வருவது எதுவென்று
பக்கிரிசாமிக்குத் தெரியும். எனக்கும்.

வெளியேறும்போது நுழைவு உத்தரத்தில்
காய்ந்த மல்லிகைச் சரம்,
நசுங்கி, சிமெண்டோடு ஒட்டி.
போன முகூர்த்தத்தில்
கூரைமேல் பூ ஜோடித்த மாப்பிள்ளைக் கார்
இறங்கப் பார்த்ததாம்.
பூவையும் சேர்த்து அளக்க
விதி சொல்லவில்லை.

என் ஸ்கூட்டி தெருவில்,
வண்டி நிறுத்தாதீர் பலகைக்குக் கீழே.
சாவியைத் தேடும்போது
உள்ளே மோட்டார் மறுபடி ஆரம்பித்தது.