குடத்துக்குள் யானை

வாரண்டில் இருந்தது இவ்வளவுதான்:
களவுபோன பனிவண்டி இரண்டு, ஒன்று மஞ்சள்.
தேட வேண்டிய இடம்: வீடு, கொட்டகை,
பின்புறத் தகரக் கூரை.
நீதிபதியின் கையெழுத்து வழக்கம்போல்
பாதியில் வழுக்கி விழுந்திருந்தது.

பிப்ரவரி. சுப்பீரியர் ஏரி
கண்ணுக்கெட்டியவரை உறைந்து கிடந்த காலை.
டெப்புடி ப்ரோசெக்
பூட்ஸைத் துடைக்காமல் உள்ளே போனார்.
கொட்டகையில் வண்டி இல்லை.
கூரையடியில் விறகு.
பிறகு சமையலறைக்கு வந்து
அலமாரி மேல்தட்டிலிருந்து
ஒரு பிஸ்கட் டின்னை இறக்கினார்.

யானையைத் தொலைத்தவன்
குடத்துக்குள் கைவிட்டுத் தேடினானாம்.
குடத்துக்குள் யானை இல்லை.
ஆனால் எந்த வீட்டுக் குடமும்
காலியாக இருப்பதில்லை.

மாத்திரை, நீலம், நூற்றுப் பன்னிரண்டு.
அதற்கடியில் ரப்பர்பேண்டு போட்ட கடிதங்கள்.
ப்ரோசெக் ரப்பர்பேண்டையும் கழற்றினார்.

சாட்சிப்பொருள் அறையின் சாவி என்னிடம்.
பட்டியலைத் தட்டச்சு செய்தவனும் நான்:
இனம் ஏழு. கடிதம், சொந்த விஷயம், பதினொன்று.
சொந்த விஷயமென்று
பிரிக்காமல் எப்படித் தெரிந்ததென்று
யாரும் கேட்கவில்லை.

ஐலி ரவுட்டியோ மாத்திரை விற்றாள்.
இது தெரியாதவர் யாராவது
எங்கள் ஊரில் இருந்தால்
ஜூரியில் உட்காரத்தான் லாயக்கு.

டின்னுக்குள் வண்டிச் சாவி இருந்திருக்கலாமே
என்றது அரசுத் தரப்பு.
நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு
வாரண்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார்,
சாவி என்ற சொல் எந்த மூலையிலாவது
ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்ப்பவரைப்போல.
"பிஸ்கட் டின்னில் பனிவண்டி நுழையாது.
அது நுழையாத இடத்தில்
இந்தத் தாளும் நுழையாது."
அவ்வளவுதான். மாத்திரைகள்
நீதிமன்றத்தின் கண்ணுக்கு மறைந்துபோயின.
நூற்றுப் பன்னிரண்டும்
என் அறையில், மூன்றாம் அடுக்கில்
அப்படியே இருந்தன.

வெளியே காபி இயந்திரத்தருகே
மார்னி ஷெல்பெர்க் நின்றிருந்தாள்.
பேச ஆள் வேண்டும்; நான் அங்கே இருந்தேன்.
"செப்டம்பரில் என் மகனின்
குளியலறைக் கதவை உடைத்தோம்.
யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.
அரைமணி முன்னால் உடைத்திருக்க வேண்டும்.
தட்டிக்கொண்டே இருந்தோம்,
உள்ளே அவன் தனியாக இருக்க
ஆசைப்படுகிறான் என்று நினைத்து."

சட்டம் தெரிந்தவர்கள்
பதில் வைத்திருப்பார்கள்.
நான் நாணயம் போட்டேன்.
இயந்திரம் காபியைத் தந்தது,
கோப்பையைத் தர மறந்துவிட்டது.

ஏப்ரலில் பனி உருகியபோது
மஞ்சள் வண்டி கிடைத்தது,
களவு கொடுத்தவரின் மருமகன் வீட்டில்,
தார்ப்பாயைக்கூடச் சரியாகப் போர்த்தாமல்.

மாத்திரைகளை எரிக்கச் சொல்லி உத்தரவு வந்தது.
கடிதங்களைத் திருப்பித் தரச் சொல்லி
இன்னொன்று.
ஐலி வந்தாள். கையுறையைக் கழற்றினாள்.
எண்ணினாள். பதினொன்று.
மறுபடி எண்ணாமல்
மேலே இருந்ததை மட்டும் பார்த்தாள்.
"இது மூன்றாவதாக இருந்தது," என்றாள்.
"அந்த டெப்புடி."
நான் தலையசைத்தேன்.

டெப்புடி அல்ல.
மார்ச்சில் ஓர் இரவுப் பணியில்,
வெளியே பனி கலைக்கும் லாரி
போவதும் வருவதுமாக இருந்தபோது,
நான்தான்.

ரசீதில் கையெழுத்துப் போட்டாள்:
அனைத்தும் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.
பேனாவை மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

அனைத்தும் இல்லை.
நடுப்பக்கத்தில் ஒரு வரி இருந்தது,
யாரோ ஒருவன் அவளுக்கு எழுதியது,
அவன் கோட்டைப் பற்றி, மிகச் சாதாரணமான வரி.
எந்த உறையிலும் போட்டு ஒட்ட முடியாமல்
அது என்னிடமே இருக்கிறது.
இங்கேயும் அதைச் சொல்லமாட்டேன்.