புகை எண்

சூலூருக்குத் தெற்கே எங்கள் சோதனைக் கூடம்.
எஞ்சினை இரும்புச் சட்டத்தில் பூட்டி வைத்திருக்கிறோம்.
அது எங்கும் போகாது.
போவதாக நினைத்துக்கொண்டு கத்தும்.

தொண்ணூறு சதவீதம் தாண்டினால் கருக்கும் புகை
கூண்டைவிட்டு மேலேறி
ஆடிக் காற்றில் சாய்ந்து
கிழக்கே போகும்.
கிழக்கே சென்னியப்பன் களம்.

போன வாரம் ஓர் உறை வந்தது.
கடிதமில்லை. அரை மூடிக் கொப்பரை,
வெள்ளையில் மை உதறியது மாதிரி.
உறையின் முதுகில் பென்சிலில்:
"கிலோவுக்கு மூணு ரூவா கொறைக்கறானுங்க."

புகையை அளப்பது என் வேலை.
வட்டத் தாள் வழியே கொஞ்சம் உறிஞ்சி
கறைக்கு ஓர் எண் போடுவேன்.
அன்று நாற்பத்தெட்டு.
கொப்பரையையும் விளக்கடியில் வைத்துப் பார்த்தேன்,
படிவத்தில் அதற்குக் கட்டமில்லை.

பர்னர்களைக் கழற்றினோம்.
பன்னிரண்டில் மூன்று, கரி கட்டி வாய் கோணியிருந்தன.
தூவ வேண்டியது ஒழுகியிருக்கிறது.
துளி பெருத்தால் முழுசாக வேகாது,
வேகாததுதான் அந்தக் கருப்பு.
சுத்தம் செய்து பூட்டினோம்:
முப்பத்தொன்று.

தலைமையகத்திலிருந்து மருந்து வந்தது,
எரிபொருளில் கலக்க, இரும்பு சேர்ந்தது.
ஊற்றியதும் ஒன்பது!
புகைபோக்கிக்கு மேல் வெறும் அனல்,
அதற்குப் பின்னால் தென்னை மட்டைகள்
தண்ணீருக்குள் போல் நெளிந்தன.
ஜெயதரன் விசிலடித்தான்.
ஆறாம் நாள் எஞ்சின் பற்றவில்லை.
திறந்தால் பொறிக்கட்டை முழுக்கச் சிவப்பு,
பல்லடம் ரோட்டுப் புழுதி மாதிரி.
வானத்திலிருந்து எடுத்ததை
உள்ளேயே வைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

மருந்தை நிறுத்தினோம்.
பன்னிரண்டு பர்னரையும் மாற்றினோம்:
பத்தொன்பது.
அதற்குக் கீழே இறங்க மாட்டேன் என்றது.

பிறகு செய்ததை அறிக்கையில் எழுதவில்லை.
சென்னியப்பன் களத்தில் காய் விரிப்பது
எட்டு மணிக்கு மேல் என்று விசாரித்து,
முழு வேக ஓட்டத்தை ஐந்தரைக்கு மாற்றினோம்.
ஊர் நாய்கள் மட்டும் எதிர்த்தன.
அப்புறம் பால்காரர்.

நேற்று இன்னோர் உறை.
"இப்பப் பரவால்லீங்."
அரை மூடி, நல்ல வெள்ளை.
ஓரத்தில் ஒரே ஒரு புள்ளி.
துடைத்தேன், போகவில்லை.
பூசணமாக இருக்கலாம்.
நாங்களாகவும் இருக்கலாம்.

அந்த இடத்தை மட்டும் கிள்ளிவிட்டு
ராத்திரி ஷிஃப்ட்டில்
நாலு பேர் பங்கு போட்டுத் தின்றோம்.