ஜப்திப் பட்டியல்

தாசில்தார் சொல்லச் சொல்ல எழுதினேன்:
பித்தளை அண்டா பதினொன்று.
கால் ஒடிந்த நாற்காலி மூன்று.
யானை ஒன்று, பெட்டை, கண் மங்கல்.

ஜமீன்தார் வாசலுக்கு வரவில்லை.
மூன்றாம் அங்கத்தில் இருந்தார்.
பூவணத்தி சாகிற இடம்.
முகாரியை அடித்துவிட்டு
வேறு எதில் சாவாள் என்று
ஒரே வரியைத் திரும்பத் திரும்பப்
பாடிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிஸ்தி பாக்கி நாலு வருஷம்.
கடனாநதிக் கரை நஞ்சை
ராஜபார்ட் கிரீடத்துக்குப் போனதாகவும்
தோப்பை விற்று
இரண்டு பிடில்காரர் சாப்பிட்டதாகவும்
கணக்கப்பிள்ளை ஆண்டியப்பன் சொன்னார்.

மரப்பெட்டியைக் காலால் தட்டி
"இது என்ன?" என்றார் தாசில்தார்.
"நாடகம். அரங்கேறவில்லை."
"மதிப்பு?"
அவர் தொடையில் தாளம் நிற்கவில்லை.
"எட்டணா போடும்வே,
பெட்டி தேக்கு."

போட்டேன்.

ராத்திரி வண்டி. சாரல்.
பொட்டல்புதூர் தாண்டும்போது
வண்டிக்காரன் திரும்பினான்.
"என்னய்யா, முனங்குதீய?"

எனக்கு ராகம் தெரியாது.
முகாரி இல்லை, அது மட்டும் தெரியும்.
வாயை மூடினேன்;
மூக்கு வழியாக வந்தது.
கைமாற்றிக் கொடுக்க வேண்டிய பட்டியல்
மடியில் நனைந்துகொண்டிருக்க
முக்கூடல் வரை, பேட்டை வரை
அவள் செத்துக்கொண்டே வந்தாள்,
பேரேட்டில் ஏறாமல்.