ஒரு சுற்று பாக்கி

ராயபுரம் ஸ்டேஷன் வாசலில்
ஜெராக்ஸ் தாளை விசிறிக்கொண்டு நின்றாள்.
காசிமேடு கல்லறை, போகவர எவ்வளவு?
பேர் கேட்டேன். நூலா என்றாள்.
நூலா, கயிறா என்று நான் சிரிக்க
புரியாமலே அவளும் சிரித்தாள்.
அப்போதே இருபது ரூபாய் குறைத்துவிட்டேன்.

அயர்லாந்து. மேயோ பக்கம்
பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாளாம்.
அவள் சாலையில் செம்மறி குறுக்கே வரும்,
என் சாலையில் கன்டெய்னர் லாரி.
இரண்டும் ஹாரனுக்கு மசிவதில்லை.

மீன் ஏலக் கூடத்து ஐஸ் தண்ணீர்
டயருக்கடியில் தெறிக்கத் தெறிக்க
தன் ஊரைச் சொல்லிக்கொண்டே வந்தாள்:
சாந்து பூசாமல் அடுக்கிய கல்வேலி,
காற்று நுழைந்துபோக இடம் விட்டிருப்பதால்
விழாமல் நிற்பது.
வெட்டிக் காயவைத்து அடுப்பெரிக்கும் கறுப்பு மண்.
மேகத்தில் பாதி தொலைந்த ஒரு மலை,
ஜூலையின் கடைசி ஞாயிறு
அதில் வெறுங்காலோடு ஏறும் ஜனம்.
மழை உண்டா என்றேன்.
மழையில்லாத நாளைத்தான்
என்ன சொல்வதென்று தெரியாது என்றாள்.

பாட்டனுக்குப் பாட்டனின் தங்கை, ஹனோரா.
பத்தொன்பது வயதில் கன்னியாஸ்திரியாகக் கப்பலேறி
மதராஸில் நாலே மாதம். காலரா.
வீட்டுக்கு எழுதியது ஒரே கடிதம்:
'கடல் இங்கேயும் நம் கடலைப் போலத்தான் பேசுகிறது,
ஆனால் கொதித்துக்கொண்டு.'
எனக்கு இங்கிலீஷ் சொல்லித்தந்த சிஸ்டர் கேரளாக்காரர்,
அவருக்கு யார், அவருக்கும் முன்னால் யார்
என்று பின்னால் போனால்
என் அரைகுறை கிராமரும்
அந்தக் கப்பலில் வந்து இறங்கியதோ என்னவோ.

கல்லறைக் காவலர் பெர்க்மான்ஸ் கைவிரித்தார்.
பழைய பதிவேடு கரையானுக்கு,
கல்லிலிருந்த எழுத்து உப்புக்காற்றுக்கு.
வரிசையாகத் தடவிக்கொண்டே போனாள்.
ஒரு சிலுவையில் ஒரு 'ஹெச்' மாதிரி.
விரிசலாகவும் இருக்கலாம்.

மூலையில் புற்று. மஞ்சள், முட்டை ஓடு.
பாம்புக்கா என்று மிரண்டாள்.
அவள் நாட்டில் பாம்பே கிடையாதாம்.
எல்லாவற்றையும் ஒரு புனிதர்
கடலுக்குள் விரட்டிவிட்டாராம்.
அப்படியா, எங்கே கரையேறிச்சுன்னு
இப்போ தெரியுது என்றேன்.
கல்லறை என்றும் பாராமல்
வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

பிறகு ஷூவைக் கழற்றினாள்.
சித்திரை வெயில், பதினொன்றரை மணி.
பையிலிருந்து ஏழு கூழாங்கல்,
ஊர்ப் புனிதக் கிணற்றில் பொறுக்கியவை.
அங்கே கிணற்றைச் சுற்றி வருவார்கள்,
சுற்றுக்கு ஒரு கல் போட்டு எண்ணுவார்கள்.
எந்தக் குழி என்று தெரியாததால்
மொத்தக் கல்லறையையும் சுற்றக் கிளம்பினாள்.

இரண்டாவது சுற்றில் பாதம் சிவந்தது.
என் பாட்டில் தண்ணீரைக் காலில் ஊற்றினேன்.
மூன்றாவதில் வண்டிச் சாவியை
பெர்க்மான்ஸிடம் கொடுத்துவிட்டு நானும் நடந்தேன்.
எனக்கு ஹனோரா யாருமில்லை.
ஆனாலும் இருபது வயது,
தெரியாத ஊர் ஜுரம்,
தண்ணீர் என்று எந்த பாஷையில் கேட்டிருப்பாள்?

குழாயடி ஈரத்தில் சட்டென்று மண்டியிட்டாள்.
மூன்று இலைச் செடி.
எங்கள் இலை, எங்கள் இலை என்கிறாள், கண்கலங்கி.
இல்லம்மா, இது புளியாரை,
துவையல் அரைப்போம்.
கிள்ளி வாயில் போட்டாள்.
புளிப்பில் முகம் சுருங்கியது,
என் தங்கச்சிக்குச் சுருங்குகிற மாதிரியே.

வெயிட்டிங் வேண்டாம் என்றேன்.
கேட்காமல் நூறு ரூபாய் திணித்துவிட்டு
பீச் ஸ்டேஷனில் இறங்கிப் போனாள்.

ராத்திரி வண்டி துடைக்கும்போது
சீட் இடுக்கில் சாம்பல் நிறத்தில் ஒரு கல்.
ஆறுதான் போட்டிருக்கிறாள்.
நம்பர் வாங்கவில்லை.
விடிகாலை நாலு மணிக்கு மீன் சவாரி,
பிறகு ஸ்கூல் பிள்ளைகள்,
எண்ணூர் ரோடு முழுக்க லாரி.

சாமி படத்துக்குக் கீழே வைத்திருக்கிறேன்.
பிரேக் போட்டால்
அது மட்டும் லேசாக உருளுகிறது.