அடித்தல் திருத்தல்

சாரல் தொடங்கிய ஞாயிறு.
செங்கோட்டைக் கல்யாண மண்டபத்தில்
வாசல் வாழைமரத்தை இன்னும் அவிழ்க்கவில்லை.
நேற்றைய சாம்பார் வாசனைமேல்
நீலப் பாய் விரித்துக் கராத்தே போட்டி.

நான் மதிப்பெண் மேசை.
வாரநாட்களில் வைக்கோல் லாரிக்கு எடைச்சீட்டு எழுதுகிறேன்,
அடித்தல் திருத்தல் இல்லாதவன் என்று பெயர்.

"பெண்கள், பழுப்புப் பட்டை, முதலாம் கட்டா."
ஒலிபெருக்கியில் கூப்பிட்டதும் நானேதான்.
இடமண்ணிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவள், ரெஜிதா,
வெள்ளை உடுப்பில் ரப்பர் ஷீட் புகை மணக்க
குனிந்து நிமிர்ந்து ஒரு பெயர் சொன்னாள்.
மின்விசிறி அதைத் தின்றுவிட்டது.

இடப்பக்கம் திரும்பினாள்.
எங்கள் முதலாவதில்
திரும்பியதும் கை கீழே இறங்கித் தடுக்கும்.
அவளுக்கோ இரண்டு கையும் மேலே போயிற்று,
பரணிலிருந்து பானை இறக்குகிறவள்போல.
கால், பூனைக்கால்.

நடுவர் நீலமேகம் என்னைப் பார்த்தார்.
நான் பேனாவைப் பார்த்தேன்.
பூஜ்யம். 'கட்டா தவறு.'

"ஒண்ணாமத்தேதுதானே செய்தேன்?"
மேசைக்கு வந்து கேட்டாள்.
கோபமில்லை. சில்லறை குறைந்தால் கேட்கிற குரல்.

விஷயம் இதுதான்.
நாங்கள் ஷோட்டோகான். ஹெய்யான் என்போம்.
அவர்கள் வாடோ. பினான் என்பார்கள்.
எழுத்து ஒன்று, வாசிப்பு இரண்டு.
நடுவில் யாரோ வரிசையையும் மாற்றி வைத்துவிட்டார்கள்:
எங்கள் ஒன்று அவர்களுக்கு இரண்டு,
அவர்களுடைய ஒன்று எங்களுக்கு இரண்டு.
மூன்றிலிருந்து சண்டையில்லை.

என் வீட்டு மூலப்பத்திரத்தில் கொல்லம் ஆண்டு.
ஐம்பத்தாறில் ஊர் நின்ற இடத்திலேயே நிற்க
கோடுதான் நகர்ந்தது.
இது விளங்க என்னைவிடத் தோதான ஆள் கிடையாது.
இருந்தும் விளங்கவில்லை, சாப்பாட்டு மணி அடிக்கும்வரை.

பந்திக்கூடத்துக்குப் பின்னால்
எச்சில் இலைத் தொட்டி ஓரம் இருவரும் நின்றோம்.
என் ஒன்று, அவள் இரண்டு. சேர்ந்தே தொடங்கினோம்.
அதே திருப்பம், அதே நடை, அதே மூன்று குத்து.
என் முன்முழங்கால் மடிந்து மடிந்து
தொடை தீப்பிடித்தது.
அவளோ பஸ் வந்தால் ஏறிவிடுகிற உயரத்தில் நிற்கிறாள்.

"இவ்வளவு மேலேயா நிப்பாங்க?"

"விலகணும் இல்லே?"

சரி, விலகு என்று குத்தினேன்,
வைக்கோல் கட்டு தூக்குகிற தோளோடு,
ஒன்றே போதும் என்று எனக்குச் சொல்லித்தந்த குத்து.
அவள் தடுக்கவில்லை.

புளியரை வளைவில் பார்த்திருப்பீர்கள்.
இருபுறமும் பிதுங்கிய வைக்கோல் லாரி ஏறிவர
எதிரே கேரளா பஸ் இறங்கும்.
எவனும் பிரேக் போடுவதில்லை.
பஸ் மலைப்பக்கம் ஒரு தோள் சாயும், அவ்வளவுதான்.
ஜன்னல் கம்பியில் நாலைந்து வைக்கோல் மிஞ்சும்.

அப்படித்தான் என் கை போயிற்று.
அவள் இருந்த இடத்தில் இலைத்தொட்டி இருந்தது.
என் விலாவில், தொட்டும் தொடாமலும்,
அவளுடைய நடுவிரல் முட்டி.

எது உசத்தி என்று என்னிடம் கேட்காதீர்கள்.
இன்றைக்கும் நான் முழங்காலை மடக்கித்தான் நிற்கிறேன்.

திரும்பி வந்தபோது கோப்பை கைமாறியிருந்தது.
"அடுத்த வருஷம் பாத்துக்கலாம்பா" என்றார் நீலமேகம்,
வாயில் பீடாவோடு.
சீட்டை இழுத்துப் பூஜ்யத்தின் பக்கத்தில் எழுதினேன்:
கட்டா சரி. கூப்பிட்டவன் தவறு.
கையெழுத்தும் போட்டேன்.

அவள் ஜெராக்ஸ் கேட்டாள்.
ஞாயிற்றுக்கிழமை, கடை இல்லை.
அசலையே நாலாக மடித்து
டிபன் பைக்குள் வைத்துக்கொண்டு
மழைக்குள் பஸ் ஏறினாள்.

என்னிடம் இருப்பது கார்பன் பிரதி.
அதில் பூஜ்யம் மட்டும்
நல்ல அழுத்தமாக விழுந்திருக்கிறது.